ஜெயவேலுவுக்கு ஏற்ற ஓ.எஸ்.

தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் ஓர் இனம் சத்தமில்லாமல் பெருகியிருக்கிறது. பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய கனமான கணினி ஒன்றை வாங்கிவந்து, அதை இயக்க எந்த ஓ.எஸ். பொருந்தும் என்று தேடுகிறவர்கள். தேடி முடித்தவர் இதுவரை யாரும் அகப்படவில்லை.

பீர்க்கன்கரணை ஜெயவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் முடித்தவன், வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி வேலைக்கு முன் ஒரு சோதனை வைத்தது: பிராக்கெட் என்கிற சின்ன இரும்புத் தாங்கி ஒன்றைக் கணினியில் வரைந்து, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். அதற்காக வந்து இறங்கியதுதான் அப்படிக் கழித்துக்கட்டிய ஒரு பழைய கணினி.

புது விண்டோஸ், இந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது என்று உள்ளே வர மறுத்தது. பழைய விண்டோஸ் நன்றாகவே ஓடியது. ஆனால் அதற்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று யூடியூபில் ஒருவர் கவலைப்பட்டார். ஜெயவேலுவும் கூடச் சேர்ந்து கவலைப்பட்டான். லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ். போட்டான், அதைவிட இலேசான லினக்ஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டு அதைப் போட்டான், வால்பேப்பர் மாற்றினான், ஐகான்களை வரிசைப்படுத்தினான், வை-ஃபை வரவில்லை என்று அழித்தான், வந்ததும் வேறு காரணத்துக்காக அழித்தான். பிராக்கெட்? அது மெயிலில் பத்திரமாக இருந்தது.

ஒவ்வொரு முறை ஓ.எஸ். ஏறும்போதும் திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல நகரும். ஆபீஸ் வேலை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று அவன் அம்மா எல்லம்மா முடிவு செய்துவிட்டாள். கோடு நகரும்போது மிக்சி போடமாட்டாள். டி.வி.யை ஊமையாக்கிவிட்டுப் பார்ப்பாள். யாராவது அவனைத் தேடி வந்தால், "புள்ள வேல செஞ்சிகினு கீறான்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவாள்.

"எவ்ளோ ஆச்சிடா?"

"அறுபது பர்சன்ட்மா."

"பொறுமையா செய். அவசரப்படாத."

அவன் அவசரப்படவே இல்லை.

கூடப் படித்த பிளஸ்ஸி, அதே சோதனைக்குத் தான் வரைந்ததை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். பழைய விண்டோஸிலேயே வரைந்து தொலைக்க வேண்டியதுதானே என்றாள்.

"அது செக்யூர் இல்ல பிளஸ்ஸி."

"உன் பிராக்கெட்ட எவன்டா திருடப் போறான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவன் வாங்கிய பட்டத்தை அந்த வீட்டில் சந்தேகப்படுகிற ஒரே ஆள் அவன். முதல் கோடு போடாதவரைக்கும், அவனுக்கு வரையத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாம் கூடிவந்தது. வரையும் மென்பொருள் ஒழுங்காகத் திறந்தது. வெற்றுப் பக்கம். ஜெயவேலு மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் மெனு எழுத்துகள் லேசாக மங்குவதுபோல் பட்டது. உற்றுப் பார்த்தான். ஆமாம், மங்கல்தான். அடுத்த ஓ.எஸ். இருந்த பென் டிரைவை எடுத்துச் செருகினான்.

கெடு முடிந்தபோது கோடு பாதியில் நின்றிருந்தது. எல்லம்மா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த வேல உனுக்குத்தான்டா. இவ்ளோ பாடு வேற எவன் படுவான்?"

அவன் டீயை எடுத்துக்கொண்டான்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். உங்கள் கணினியில் ஒரே ஓ.எஸ்.தான், அதில் ஒரு குறையும் இல்லை. நல்லது. அப்படியானால் செய்ய வேண்டிய வேலையை அங்கே திறந்துவைத்துவிட்டு, இதை எதற்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?