மச்சினர் ஏறாத படி

சூப்பிரண்டு வீட்டு மாடிப்படியில் பதினேழு படிகள். எல்லாம் நல்ல மரம். ஆனால் மரம் என்று யாராவது சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். மேலே பழுப்பு பெயிண்ட், அதற்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். "சுரண்டி வார்னிஷ் அடிச்சா எவ்வளவு அழகா இருக்கும்!" என்று பதினொரு வருஷமாக அவர் மனைவி சொல்லிவந்தாள். "பார்க்கலாம்" என்று பதினொரு வருஷமாக அவரும் சொல்லிவந்தார். ஆபீஸில் பைல்களை உயிரோடு புதைக்கவும் அவர் அந்த ஒரு வார்த்தையைத்தான் உபயோகிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் புதன்கிழமை காலையில் காபி டம்ளரை டணாரென்று வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னிக்கே படியில கை வைக்கறேன்!"

"யாரு?"

"நான்தான்! இந்த ரெண்டு கையாலயே!"

மனைவி அந்த இரண்டு கைகளையும் உற்றுப் பார்த்தாள். அவை இதுவரை பேப்பர் படிக்க மட்டுமே பயன்பட்டவை.

காரணம் இதுதான். சனிக்கிழமை அவள் அண்ணன் வருகிறார், பதினைந்து நாள் தங்க. தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரம் மட்டும் ஓய்வு பெறவில்லை. போன தடவை சூப்பிரண்டு ஷேவ் பண்ணும்போது பின்னால் நின்று, "மாப்பிள்ளை, பிளேடை இன்னும் சாய்ச்சுப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லியே மூன்று இடத்தில் வெட்டு விழ வைத்தவர்.

விருந்தாளி அறை மாடியில். படியைச் சுரண்டிப் போட்டால் மாடி கிடையாது. மாடி இல்லையென்றால் மச்சினர் கிடையாது. படியை வைத்தே மச்சினர் ஏறாதபடி செய்யும் தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

"அதனால உங்க அண்ணனை அடுத்த மாசம் வரச் சொல்லிடேன்" என்றார், ரொம்பத் துக்கத்தோடு.

"அடடா, ஆமாம். இப்பவே போன்ல சொல்லிடறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை விடிந்ததும் வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மச்சினர். ஒரு கையில் பெட்டி, மறு கையில் கட்டுக் கட்டாக உப்புத்தாள்.

"மாப்பிள்ளை தனியா படியோட மல்லுக்கட்டறார்னு தங்கச்சி சொன்னா. மனசு கேக்கல. ரெண்டு நாள் முன்னாடியே ஓடி வந்துட்டேன்!"

சூப்பிரண்டு மனைவியைப் பார்த்தார். "படி வேலை நடக்குதுன்னுதானே சொல்லச் சொன்னீங்க? சொன்னேன்" என்றாள் அவள்.

மாடிக்குப் போக முடியாததால் மச்சினருக்கு சூப்பிரண்டின் கட்டில். சூப்பிரண்டுக்குக் கூடத்து சோபா. அவரைவிட அது ஒரு முழம் குட்டை.

வேலை ஆரம்பித்தது. அதாவது, சூப்பிரண்டு வேலை செய்தார். மச்சினர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, குறுக்கே தேய்க்காதீங்க. மரத்தோட ரேகை ஓடற பக்கமாத் தேய்க்கணும்."

"சரி மச்சான்."

"மூலையை விட்டுட்டீங்களே."

"பார்க்கலாம் மச்சான்."

"பார்க்க வேணாம், தேய்ங்க."

நான்காம் நாள் அவர் மூக்கிலிருந்து பச்சைத் தூசி வந்தது. ஆறாம் நாள், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறினார். பியூன் தண்ணீர் கொண்டு ஓடி வந்தான்.

கடைசி அஸ்திரமாக, வார்னிஷ் வாங்கப் போனார். "இருக்கறதுலயே மெதுவா காயறது எது?" என்று கேட்டார். எல்லோரும் சீக்கிரம் காய்வதைக் கேட்டே பழகிய கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பிசுபிசுக்கிற வீட்டில் எத்தனை நாள்தான் ஒரு மனிதர் இருப்பார்?

"காயற வரைக்கும் நான் இருந்து பார்த்துக்கறேன் மாப்பிள்ளை" என்றார் மச்சினர். பதினைந்து நாள் இருபத்தைந்து ஆனது.

ஆனால் ஒன்று. படி காய்ந்தபோது, கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. தேன் நிறத்தில், ரேகை ரேகையாக. பக்கத்து வீட்டு அம்மா வந்து, "எந்த ஆசாரி செஞ்சார்?" என்று கேட்டாள். சூப்பிரண்டுக்கு வலி, வஞ்சம் எல்லாம் மறந்து நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆசாரியா? எல்லாம் நம்ம கைதான்! இன்னும் எத்தனை படி கொடுத்தாலும் முடிப்பேன்!"

மச்சினரும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக மச்சினர் கிளம்பினார். சூப்பிரண்டு துள்ளிக் குதித்து, இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். வைத்த பிறகுதான் இரண்டாவது பெட்டி தன்னுடையது என்று தெரிந்தது.

"இது எதுக்கு இங்க?"

"அண்ணன் வீட்டுப் படியும் அப்படியே பாழாக் கிடக்காம்" என்றாள் மனைவி. "உங்க லீவு லெட்டர்கூட ஆபீஸுக்குப் போயாச்சு."

"ஏறுங்க மாப்பிள்ளை" என்று மச்சினர் கதவைத் திறந்துவிட்டார். "நம்ம வீடு மூணு மாடி."

வண்டி நகர்ந்தது. தனக்கே தனக்கென்று ஆகிவிட்ட வீட்டின் வாசலில் நின்று மனைவி கையசைத்தாள்.

"அவசரமே இல்லைங்க. நிதானமா முடிச்சுட்டு வாங்க!"