அமர்ந்து மட்டுமே பார்வையிட வேண்டும்

"நிபந்தனை எண் 14: பார்வையாளர்கள் அனைவரும் அமர்ந்து மட்டுமே போட்டியைப் பார்வையிட வேண்டும். எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்றல் கூடாது."

நான் வேலை பார்த்த அலுவலகம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு வழங்கும் அனுமதி உத்தரவில் இப்படி ஒரு வரி பல ஆண்டுகளாக இருக்கிறது. அதை எழுதியவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எழுதினேன் என்பதுகூட மிகை. அன்று மாலைக்குள் உத்தரவு போயாக வேண்டும். மாட்டுவண்டிப் பந்தயம் பற்றிய பழைய கோப்பு எதுவும் அகப்படவில்லை. கைக்கு எட்டியது உள்ளரங்கக் கைப்பந்துப் போட்டிக்கான கோப்பு. அதிலிருந்த நிபந்தனைகளை அப்படியே எடுத்து, 'பந்து' என்ற இடத்திலெல்லாம் 'மாடு' என்று திருத்திக் கையெழுத்துக்கு வைத்துவிட்டேன். ('வலை'யை மாற்ற மறந்ததால், 'மாடு வலையைத் தொட்டால் ஆட்டம் நிறுத்தப்படும்' என்றும் ஒரு நிபந்தனை போய்ச் சேர்ந்தது. இதுவரை யாரும் விளக்கம் கேட்டதில்லை.)

அப்போது நான் ஒரு மாட்டுவண்டிப் பந்தயத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்தது ஓய்வு பெற்ற பிறகு, என் மகள் கவிதாவின் மாமனாரால். அவர் பேரையூர்ப் பக்கம் விவசாயம் செய்பவர். கன்றிலிருந்து வளர்த்த ஒரு ஜோடி மாடு வைத்திருந்தார். அந்த ஜோடி இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டாம் இடம் அவரைத் தூங்கவிடவில்லை.

"சம்பந்தி, இந்த வாட்டி நம்ம மாடுதேன். நீங்க வந்து பாக்கணும்" என்று மூன்று முறை போன் செய்தார்.

திருப்பரங்குன்றத்திலிருந்து காலை முதல் பேருந்தில் கிளம்பினேன். ஒரு மடக்கு நாற்காலியும் அனுமதி உத்தரவின் நகலும் எடுத்துப்போனேன். (நகல் இல்லாமல் நான் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை.)

பந்தயம் நடக்கும் இடத்தில் போய் இறங்கினேன். தார்ச்சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுப் பணியில், ஒரே நிபந்தனையை இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடி மீறி நான் கண்டதில்லை.

பக்கத்தில் நின்றவரிடம், "தம்பி, கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

"எதுக்குய்யா?"

"நிபந்தனை இருக்கு."

"உக்காந்துக்கிட்டா, மாடு மேல வந்தா எப்புடி ஓடுறது?"

ஓடுவதற்கு உத்தரவில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, சாலையோரத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். நாலு பேர் பார்த்துத் திருந்தட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

திருந்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதை செய்துவிட்டார்கள். நான் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்த சம்பந்தி, "ஏப்பா, அவுக என் சம்பந்திப்பா! மறைக்காதீக, விலகி நில்லுங்க!" என்று கத்தினார். கூட்டம் உடனே இரண்டு பக்கமும் ஒதுங்கியது. எனக்கு முன்னால் பத்தடிக்குச் சாலை பளிச்சென்று தெரிந்தது. பணியில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டதில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

கொடி அசைந்தது. வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்களைக் கடந்து போயின. தொலைவில் எல்லைக்கொடி நட்டிருந்த இடத்தைச் சுற்றித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். முதலில் வருவது வெற்றி. கொஞ்ச நேரத்தில் சம்பந்தியின் ஊர்க்காரர் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு துள்ளினார்: "மாப்ள, அண்ணே வண்டிதேன் முன்னாடி வருது! அடுத்த வண்டி எங்கிட்டோ கெடக்கு!"

சம்பந்தி வேட்டியை மடித்துக்கட்டி ஓடி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "சம்பந்தி, வந்துருச்சு! வந்துருச்சு!" என்றார்.

உண்மைதான், வந்துவிட்டது. நேராக என்னிடம்.

நேர்கோட்டில் பறந்து வந்த இரண்டு மாடுகளும் எனக்கு எதிரே வந்ததும், ஒருமனதாகத் தீர்மானம் போட்டதுபோல, பக்கவாட்டில் திரும்பின. செவலை மாட்டின் மூக்கு என் மூக்குக்கு எதிரே வந்தது மட்டும் நினைவிருக்கிறது. எக்காரணம் கொண்டும் எழக்கூடாது என்ற நிபந்தனையை, அதை எழுதியவனே மீறினேன். எழுந்தேன் என்று சொல்வதும் சரியல்ல. பின்னால் இருந்த சீமைக்கருவேலம் புதருக்குள் மல்லாக்கப் போய் விழுந்தேன். அதன்பின் ஒரு வாரம் நான் எதையும் அமர்ந்து பார்வையிடவில்லை.

வண்டிச் சக்கரம் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நின்றது. மாட்டுக்கும் ஓட்டியவருக்கும் காயமில்லை. ஆனால் மூன்று வண்டிகள் எங்களைக் கடந்து போய்விட்டன.

வண்டியை ஓட்டிய முத்து இறங்கி வந்து என்னை முள்ளிலிருந்து பிய்த்தெடுத்தார். "என்னய்யா இப்புடிப் பண்ணிப்புட்டீக! ஆளு நிக்கிறதுதேன் மாட்டுக்குச் சுவரு. எங்க ஆளு விலகுதோ அங்க திரும்பணும்னு பழக்கி வச்சிருக்கோம். நீங்க பத்தடிக்கு வாசலைத் தொறந்து வச்சா, அது உள்ள வரத்தேன் செய்யும்."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்து, பதினான்காம் நிபந்தனையை உரக்க வாசித்தேன்.

முத்து அசந்துபோய்க் கேட்டார்: "இதை எவென்யா எழுதுனது?"

அதிர்ச்சியில் இருக்கும் மனிதனிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. "நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தி என்னைத் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டு, மாடுகளை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. கவிதாதான் போனில் சொன்னாள்: "அப்பா, உங்க பேச்சை எடுத்தாலே மாமா எந்திருச்சு மாட்டுக்கிட்டப் போயிடுறாரு. நான்தான்ப்பா நடுவுல கெடந்து அல்லாடுறேன். 'அந்த ரூலை மாத்திட்டு வரச் சொல்லு, பேசுறேன்'னு சொல்லிட்டாரு."

அது எனக்குத் தெரிந்த வேலை. என் பழைய அலுவலகத்துக்கு முறைப்படி மனு போட்டேன். முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், பதிவுத் தபால், தகவல் உரிமை மனு என்று வரிசை தவறாமல் போட்டேன். இதற்கிடையில் இரண்டு குடும்பத்திலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த விசேஷத்திலும் நான் உட்காரப் போனால் யாராவது ஒருவர் என் முன்னால் வந்து நின்றுகொள்கிறார். கேட்டால், "சுவர் வேணும்ல?" என்கிறார். இன்றுவரை விடவில்லை.

கடைசியில் பதில் வந்தது. பிரித்துப் படித்து, மறுபடி படித்தேன். "மேற்படி நிபந்தனை எந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டது என்பதை, அதனை வரைவு செய்த பணியாளரிடம் கேட்டறிந்த பின்னரே திருத்தம் குறித்து முடிவெடுக்க இயலும். அன்னார் ஓய்வு பெற்றுவிட்டதாலும், அன்னாரின் முகவரி இவ்வலுவலகத்தில் இல்லாததாலும், தாங்கள் அறிந்திருப்பின் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

அந்தக் கடிதமே அன்னாரின் முகவரிக்குத்தான் வந்திருந்தது.

படமெடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை, சிரிப்புச் சத்தம் மட்டும். மூச்சு வாங்கி முடித்த பிறகு அந்தக் குரல் சொன்னது: "சம்பந்தி, அந்த ஆளு எங்க இருந்தாலும் பிடிச்சு, அடுத்த பந்தயத்துக்குக் கூட்டியாங்க. கொடிக்குப் பதிலா அவரையே எல்லையில நட்டு வச்சிருவோம். நம்ம மாடு சரியாத் திரும்பிக்கிரும்."

கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி நவம்பர் இரண்டு. அது என் கைக்கு வந்து சேர்ந்தது மே இருபத்து மூன்று. இடையில் ஆறு மாதமும் அன்னாரைத் தேடியிருப்பார்கள் போலிருக்கிறது.