கம்ப்யூட்டர் பாஷை தெரிந்த வக்கீலம்மா

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே நான் வக்கீலாகிவிட்டதுதான் வினை.

எண்பதுகளின் நடுவில் மதுரையில் சட்டம் முடித்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். படிக்கும்போது கொஞ்ச நாள் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போயிருந்தேன். அங்கே கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அந்தத் தரிசனத்தை நம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அதனால்தான் செல்லத்துரை அண்ணாச்சியின் வழக்கு என் தலையில் விழுந்தது. வாடகை சைக்கிள் கடையை விற்றுவிட்டுப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வீடியோ கேம் கடை போட்டவர் அவர். ராக்கெட்டில் போய் எதிரிகளைச் சுடும் விளையாட்டு. கோவில்பட்டியில் அதை நடத்தும் உரிமை அவருக்கு மட்டும்தான் என்று ஒரு மெட்ராஸ் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. கொஞ்ச நாளில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பாண்டியன் என்பவர் அதே விளையாட்டோடு கடை திறந்தார். அவருக்கு வேறொரு கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது.

"வக்கீலம்மா, அவன் வச்சிருக்கது திருட்டுச் சரக்கு. அந்தக் கடையை மூடலைன்னா நான் பிள்ளையளோட தெருவுலதான் நிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

மனுவைத் தமிழில் எழுதினேன். சாஃப்ட்வேருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று தெரியாமல், 'மிருதுவான சரக்கு' என்று போட்டேன்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, இது பஞ்சு வியாபாரமா?"

பாண்டியனின் வக்கீல் துள்ளி எழுந்து, தன் கட்சிக்காரர் பருத்தியைத் தொட்டதே இல்லை என்றார்.

"இல்லை யுவர் ஆனர், சரக்கு மெஷினுக்குள்ளே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாததை அவர் எப்படிம்மா திருடினார்?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டுத் தெளியலாம் என்றால் சீனியர் அம்மைக்கட்டு வந்து வீட்டில் படுத்திருந்தார்.

கடைசியில் இரண்டு மெஷின்களையும் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. பீரோ மாதிரி இரண்டு பெட்டிகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. அவருடைய மேஜை விசிறியைக் கழற்றிவிட்டு அங்கே மெஷின்களுக்குக் கரண்ட் கொடுத்தோம். (முதலில் வியர்த்தது அவருக்குத்தான். என் முறை பிறகு வந்தது.)

"எங்கள் மெஷினைப் போட்டதும் திரையில் கம்பெனி பெயர் வரும். போலியில் வராது" என்று முழங்கினேன். அண்ணாச்சி அப்படித்தான் சொல்லியிருந்தார். நான் நேரில் பார்க்கவில்லை. (வீடியோ கேம் கடைக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவான் என்று அம்மா தடுத்துவிட்டாள்.)

சுவிட்சைப் போட்டார்கள். இரண்டு திரைகளிலும் ஒரே மாதிரி எழுத்துகள் மின்னின. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. தீக்குச்சிகளைக் கொட்டிவிட்டது போல இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன் மெதுவாக.

"அதாம்மா கம்பெனி முத்திரை. பூ மாதிரி போட்ருக்காம்லா!"

"படிங்கம்மா" என்றார் நீதிபதி.

கோர்ட்டே என்னைப் பார்த்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "யுவர் ஆனர், இது கம்ப்யூட்டர் பாஷை. மெட்ராஸ் கம்பெனியின் பெயரைத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள்" என்றேன்.

நீதிபதி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வீட்டு ரேடியோவுக்கு அடியிலயும் இப்படித்தான் எழுதியிருக்கு. இது ஜப்பான் பாஷைம்மா."

எதிர்க்கட்சி வக்கீல் பலமாகச் சிரிக்கத் தொடங்கி, தன் கட்சிக்காரரின் பெட்டியிலும் அதே ஜப்பான் மின்னுவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சரக்கு உங்க ரெண்டு பேருதும் இல்ல. ஜப்பான்ல எவனோ செஞ்சது. அவன் வந்து கேட்டா ரெண்டு கடைக்கும் பூட்டுதான்" என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டு, விசிறியை மாட்டச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணாச்சி பாண்டியனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே பாண்டி, அவன் நெசமாவே வந்துட்டாம்னா?"

"வந்தாம்னா ரெண்டு பேரும் சேந்துதான் நிக்கணும், அண்ணாச்சி."

சேர்ந்தே நின்றார்கள். இரண்டு மெஷின்களையும் ஒரே கடையில் போட்டு, பங்காளிகளாகிவிட்டார்கள். என்னால் ஆன ஒரே சமரசம் அது.

மறு வருஷம் கழுகுமலைச் சிற்பங்களைப் பார்க்க ஒரு ஜப்பான் தம்பதி கோவில்பட்டி வந்து இறங்கினார்கள். நாங்கள் மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தோம். பங்காளிகள் இருவரும் கடையை இழுத்து மூடிவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள்.

"வக்கீலம்மா, வந்துட்டாவ! பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வந்திருக்காவ! அந்தப் பாஷை உங்களுக்குத்தான் தெரியும், வந்து பேசுங்க!"

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. வேறு வழியில்லாமல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். அவர்கள் கழுகுமலை பஸ் எங்கே நிற்கும் என்று இங்கிலீஷில் கேட்டார்கள்.

இன்றும் எங்கள் வீட்டு வாசலில் முகம் தெரியாத யார் வந்து நின்றாலும், உள்ளேயிருந்து யாராவது ஒருவர் கத்துவார்: "வக்கீலம்மா, வந்துட்டாவ!" போன வாரம் ஒரு கூரியர்காரர் பார்சலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிப்போனார்.