மந்திரி மாலை போட்ட என் சாவு

இந்த ஊரில் செத்தவனுக்கு மட்டும்தான் மரியாதை. யாரோ சொன்னதைச் சொல்லவில்லை. நானே ஒருதரம் செத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். (நடுவில் யாரையாவது திட்டினால் பேனாவை வைத்துவிடுவேன் என்கிறாள். அப்படியென்றால் இத்தோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.)

எங்கள் வீடு ஸ்கெலட்டன் என்கிற இடத்தில், தங்கச் சுரங்கக்காரர்களுக்கு வரிசை வரிசையாகக் கட்டிய பழைய லைனில். தங்கத்துக்காக நாங்கள் இறங்கின ஆழம் இந்த மந்திரிகள் யாரும் கனவில்கூட இறங்காத ஆழம். அங்கே பாறைக்குள்ளிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ராவும் பகலும் பம்ப் வைத்து மேலே தள்ளுவோம். சுரங்கத்தை மூடினார்கள், பம்ப் நின்றது. இப்போது கீழே லெவல் லெவலாக விஷத்தண்ணி ரொம்பிக் கிடக்கிறது, மேலே குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. அந்தக் காற்றுக்கும் வரி கட்டச் சொல்லாமல் இருக்கிறார்களே, அதுவரைக்கும் சரி.

பக்கத்து வீட்டு அந்தோணி செத்தது அப்படிக் குழாயில் காற்று வந்த ஒரு கோடையில். என்னோடு ஒரே ஷிப்டில், ஒரே கேஜில், அதாவது ஆளை இறக்குகிற கூண்டில், இறங்கின ஆள். அவனைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. லைன் முழுக்கக் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தும் சொம்பளவு தேறவில்லை. கடைசியில் பக்கத்து டவுன் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கேன் தண்ணீர் வந்தது. மூடியைப் பிய்த்து, கல்யாணத்தில் பந்திக்கு ஊற்றுகிற தண்ணீரை அந்தோணி தலையில் ஊற்றினோம். அவன் மகள் ரீட்டா அழவில்லை. அந்தக் கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரியமெல்லாம் முடிந்ததும் அவள்தான் லைன் பெண்களைத் திரட்டினாள். ஆபீஸ் ஆபீஸாக ஏறினார்கள். எல்லா இடத்திலும் 'நாளை'தான். அந்த நேரம் பார்த்து, ராபர்ட்சன்பேட்டையில் மந்திரி எதையோ திறந்துவைக்க வருகிறார் என்று சேதி வந்தது. என்னத்தை? நீரூற்று! கலர் லைட் போட்ட நீரூற்று! (பேத்தி, பேனாவை வை. இங்கே நான் கொஞ்ச நேரம் திட்டிக்கொள்கிறேன்.)

ஊர்வலம் போக ரீட்டா அனுமதி கேட்டாள். போலீஸ்காரர் முடியாது என்றார்.

"சாவுக்குப் பர்மிஷன் வாங்கணுமா சார்?"

"சாவுக்கு எதுக்கும்மா?"

அங்கேதான் அவளுக்கு யோசனை வந்தது. நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியப்பா, நீங்க செத்துப் போவணும்."

"நானும் எத்தினி வருஷமா சொல்லிக்கினு கீறேன்" என்றாள் என் சம்சாரம் சரோஜா, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

திட்டம் இதுதான். என்னைப் பாடையில் தூக்கிக்கொண்டு, பெண்கள் காலிக்குடத்தோடு பின்னால் வர, நீரூற்று வரைக்கும் போவது. மந்திரி முன்னால் ரீட்டா குடத்தைப் போட்டு உடைப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "செத்தவன குளிப்பாட்டக்கூட தண்ணி இல்ல, எங்க தண்ணி எங்கய்யா போவுது?"

என்னை ஏன் பொறுக்கினார்கள் என்றால், ஒன்று, நான் ஒல்லி, தூக்கச் சுலபம். இன்னொன்று, ஒருதரம் சுரங்கத்தில் ஏர் பிளாஸ்ட் ஆகி, அதாவது பாறை வெடித்துச் சரிந்து, இடுக்கில் மாட்டி விடிய விடிய அசையாமல் கிடந்தவன் நான். அதை ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கட்டில் அதிர்ந்தது.

"நல்லா கத்துற. எங்கிட்ட கத்துறதுல பாதி அங்க கத்து, போதும்" என்றாள் சரோஜா.

அன்றைக்கு வேட்டி போர்த்தி, நெற்றியில் காசு வைத்து, தாடையைக் கட்டித் தூக்கினார்கள். பறை அடித்தார்கள். ஒப்பாரியில் மந்திரியைத் திட்டுவதாகத்தான் ஏற்பாடு. சரோஜா முதலில் அப்படித்தான் ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பிவிட்டாள். நான் குடித்தது, சீட்டாடப் போனது, அவள் தங்கச்சி கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்தது, ஒன்றுவிடாமல் ராகம் போட்டுச் சொன்னாள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு பின்பாட்டு பாடினார்கள். தாடை கட்டியிருக்கிறது, நான் என்ன பதில் சொல்ல?

ராபர்ட்சன்பேட்டையில் நுழைந்ததும்தான் விபரீதம். எங்கள் ஊரில் சுரங்கம் தின்ற பிணங்கள் கொஞ்சமா நஞ்சமா? பாடை வந்தால் யாராயிருந்தாலும் ஒதுங்கி நிற்பார்கள். அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். பஸ் டிரைவர் இன்ஜினை நிறுத்தினான். அனுமதி கொடுக்காத அதே போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களுக்கு வழிவிடச் சொல்லி லாரியை விரட்டினார். தெரு அப்படி அமைதியாகிவிட்டதா, எங்கள் ஆட்களுக்குக் கோஷம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். போராட்டம் போய் நிஜமான சாவு ஊர்வலம் ஆகிவிட்டது.

கோவிந்தன் வேறு வந்தான். (அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை. கேரம்போர்டு தகராறு, அதைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது.) என் காலைத் தொட்டான். "நல்ல மனுஷன்யா. சொல்லாம பூட்டியே முனுசாமி" என்று விம்மினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிணம் அழுததை யாரும் கவனிக்கவில்லை.

நீரூற்றுக்கு முன்னால் பாடையை இறக்கினார்கள். மந்திரி மேடையிலிருந்து தானே இறங்கி வந்தார். கேமராக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"பாப... யாரு தீரிஹோத்ரு?" என்று கன்னடத்தில் கேட்டார், பாவம், யார் இறந்தது என்று. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் கழுத்தில் கிடந்த ரோஜா மாலையைக் கழற்றி என் மேல் போட்டார். ஜில்லென்று இருந்தது. தண்ணீர் தெளித்த மாலை!

ரீட்டா குடத்தைப் போட்டாள். லைனில் எந்த வீட்டிலும் மண்குடம் இல்லாததால் பிளாஸ்டிக் குடம். அது உடையாமல் டொக் டொக்கென்று குதித்து, உருண்டுபோய் மந்திரி காலில் நின்றது. பரவாயில்லை, எனக்குச் சத்தம் கேட்டது. தாடைக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

கூட்டம் அலறிச் சிதறியது. கோவிந்தன் மயங்கி விழுந்தான். மந்திரி மட்டும் நெஞ்சைப் பிடித்தபடி நின்றார். ரீட்டா என் வாயையே பார்த்தாள், அன்றைக்குக் கேனைப் பார்த்த மாதிரி.

வாயைத் திறந்தேன். எதிரே வெள்ளைச் சட்டை. என் கை இரண்டும் தானாகச் சேர்ந்தது.

"நமஸ்காரங்க ஐயா. மாலை போட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸுங்க."

அதேதான் சொன்னேன். வாழ்நாள் முழுக்க ஆபீசர் முன்னால் கும்பிட்டுப் பழகின கை. வயிற்றில் அவ்வளவு கோபம் இருந்தும் கைக்கு அது தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் அதை வெட்டிப்போடலாமா என்று வருகிறது.

மந்திரி சுதாரித்துவிட்டார். அவர் பிழைப்பே அதுதானே. என் தோளைத் தட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்திலிருந்த ஒருத்தன், "ஐயா கைபட்டு செத்தவரே எழுந்துட்டாரு!" என்று கத்தினான். 'வாழ்க' கோஷம் கிளம்பியது. எங்கள் ஆட்களிலும் இரண்டு பேர் சேர்ந்து கத்தினார்கள், பழக்கதோஷம். மந்திரி பொத்தானை அமுக்கினார். தண்ணீர் பச்சையும் சிவப்புமாக ஆள் உயரத்துக்கு எழும்பியது.

ரீட்டா குனிந்து மந்திரி காலடியிலிருந்து குடத்தை எடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீரூற்றின் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கினாள்.

"வாங்கடி! தண்ணி வுட்டுக்கீறாங்க!"

அத்தனை பெண்களும் இறங்கினார்கள். சரோஜாவும்தான், விதவைக்கோலம் பாதி கலைந்தபடி. கேமராவெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. லத்தியைத் தூக்கின போலீஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் பிடிப்பது குற்றமா? குடம் நிரம்ப நிரம்ப நீரூற்று தணிந்து, முழங்காலுக்கு வந்து, கடைசியில் கொப்புளித்துவிட்டு நின்றது. மந்திரி காரில் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் லைனுக்குக் கொஞ்ச நாள் லாரியில் தண்ணீர் வந்தது. ஊர் மறந்ததும் லாரியும் மறந்தது. நீரூற்றும் வறண்டு, இப்போது அதில் நாய் படுக்கிறது.

என் வீட்டில் இன்றைக்கும் ரேஷன்கடையில் எடை குறைந்தாலும், கரண்ட்டு போனாலும், "தாத்தாவ அனுப்பாதீங்க, தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடுவாரு" என்கிறார்கள். ரீட்டா இந்தக் கோடையில் மறுபடி ஆள் திரட்டுகிறாள். "நீங்களும் வாங்க பெரியப்பா, ஆனா இந்த வாட்டி எழுந்து உக்காராதீங்க" என்கிறாள்.

நேற்று பேத்தியிடம் கேட்டேன், நான் நிஜமாகவே போகிற அன்றைக்கு என்ன தண்ணீரில் குளிப்பாட்டுவீர்கள் என்று.

"இன்னா தாத்தா இது, கேன் வாங்கிக்கலாம்."

"கேன் வந்துச்சுன்னா எழுந்து உக்காருவேன். இந்த வாட்டி தேங்க்ஸ் சொல்ல மாட்டேன்."

இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள். நான் சிரிக்கவில்லை என்பதையும் எழுது.