கரிசல் காட்டில் முயல் மேடு

யூடியூபில் எதைப் பார்த்தாலும் அது நம் ஊரிலும் நடக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால் நான்தான் தலைவர்.

கல்யாணமான புதிதில் ஒரு வீடியோ பார்த்தேன். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில், ஆளில்லாத மேட்டுப் புல்வெளிகளில் நீளமாக மண்மேடு போட்டு, உள்ளே கல் அடுக்கி வளை அமைத்து முயல் வளர்த்திருக்கிறார்கள். பல நூறு வருடம் கழித்தும் அந்த மேடுகள் கலையாமல் இருக்கின்றன. (முயல்கள் இருக்கின்றனவா என்று வீடியோ சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.)

என் மாமனாருக்குக் கோரிப்பாளையத்தில் பெயிண்ட் கடை. என்னைக் கல்லாவில் உட்கார வைப்பது அவர் ஆசை. உட்காராமல் இருப்பது என் லட்சியம். டி. கல்லுப்பட்டிப் பக்கம் அவருக்கு இருந்த கரிசல் காட்டைக் கேட்டேன்.

"சரி மாப்ள, பொங்கல் வரைக்கும் செஞ்சு பாருங்க. ஆகலேன்னா பேசாம கடைக்கு வந்துரணும்."

"எல்லாரையும் மாதிரி கூண்டுல வளத்தா என்னங்க?" என்றாள் என் மனைவி செல்வி.

"அதெல்லாம் பழைய முறை" என்றேன், அதைவிடப் பல நூறு வருடம் பழைய முறையைக் கையில் வைத்துக்கொண்டு.

கையிருப்புக்குத் தகுந்தபடி ஆள் நீளத்துக்கு வரிசையாக மேடுகள் எழுப்பி முயல்களை விட்டேன். ஐப்பசி மழையில் கரிசல் மண் குழைந்து வளைகள் எல்லாம் அடைத்துக்கொண்டன. முயல்கள் என்னைவிட விவரமானவை. வானம் இருட்டியதுமே பக்கத்துக் காட்டுக் கடலைக்குக் குடிபோயிருந்தன.

பொங்கலுக்கு மாமனாரும் மாமியாரும் பார்க்க வந்தார்கள். மாமனார் வரப்பிலேயே நின்று செருப்பைக் கழற்றினார்.

"மாப்ள, நம்ம காட்டுல யாரைப் பொதைச்சீங்க?"

மாமியார் அதற்குள் கைகூப்பிவிட்டார். எனக்கும் பக்கத்தில் ஒரு மேடு போட்டுப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"முயல் மேடு மாமா" என்றேன்.

"முயலு எங்க?"

மறுநாள் கல்லாவில் உட்கார்ந்தேன்.

மேடுகளைச் சமப்படுத்தலாம் என்றால் எந்த டிராக்டர்காரரும் ஒத்துக்கொள்வதில்லை. எம்புட்டுச் சொன்னாலும், "எதுக்குண்ணே நமக்கு அந்தப் பாவம்?" என்று வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். ஆக, இங்கிலாந்து மாதிரியே மேடு கலையவில்லை. அந்த மட்டுக்கும் என் திட்டம் வெற்றி.

போன ஆடியில் யாரோ மாலையே போட்டிருந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது நார் மட்டும் கிடந்தது.

"பாத்தியா, முயல்தான் தின்னுருக்கு!" என்றேன்.

"ஆடுங்க" என்றாள் செல்வி.

அதிலிருந்து, வீட்டில் வாழைப்பழம் காணாமல் போனாலும், ஃப்ரிட்ஜில் அல்வா குறைந்தாலும், மாமனார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொல்வார்: "முயலு வந்துட்டுப் போயிருக்கு."

வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு நானும் ஆமாம் என்பேன்.