லைன் அண்ணாச்சியும் அடுப்பங்கரை அலமாரியும்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் இதுவரை ஓடிய அத்தனை டிரெய்லர் டிரைவர்களிலும், வருஷம் முழுக்க இந்தியாவைச் சுற்றிக்கொண்டே ஒருநாள்கூட வீட்டை விட்டு நகராதவர் லைன் அண்ணாச்சி ஒருவர்தான். சந்தேகமிருந்தால் எங்கள் கன்டெய்னர் யார்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய சொந்தப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். கேட்டில் கிளார்க்காக உட்கார்ந்திருந்த எனக்கே அது மறந்துவிட்டது.

விஷயம் இதுதான். காலையில் வண்டியை எடுக்கும்போதே, ஆறுமுகநேரியில் இருக்கும் மனைவி சுயம்புக்கனிக்குப் போன் போடுவார். படுக்கப் போகும் வரை அதை வைக்க மாட்டார். இங்கே போன் ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கும்; வண்டியை விட்டு இறங்கினால் சட்டைப் பைக்குப் போகும். அங்கே அடுப்பங்கரை அலமாரியில் ஸ்பீக்கர் போட்டு நிற்கும். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவருக்குத் தாளிக்கிற சத்தம் கேட்கும், அந்த அம்மாவுக்கு ஹாரன் சத்தம் கேட்கும். அப்படித்தான் குடும்பம் நடந்தது; எந்நேரமும் லைனிலேயே இருந்ததால் அவர் 'லைன்' அண்ணாச்சி ஆனார்.

"வீடியோவுல பேசலாம்லா அண்ணாச்சி?" என்றேன் ஒருநாள்.

"ஏலே, ரோட்டப் பாப்பனா, மூஞ்சியப் பாப்பனா?"

இதில் குழம்பிப் போனது நாங்கள்தான். அண்ணாச்சி யாரிடம் பேசுகிறார் என்று அண்ணாச்சியைத் தவிர எவனுக்கும் தெரியாது.

"கன்டெய்னர் சீல் நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி" என்பேன் கேட்டில்.

"குளிச்சாச்சா?"

"காலையிலயே குளிச்சாச்சு."

"ஒன்னய எவம்லே கேட்டான்?"

எங்கள் மேனேஜர் அதட்டினால் கிரேனே நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவர் அறைக்குள் நின்றுகொண்டு, "மொதல்ல அந்தக் கதவச் சாத்து, கோழி உள்ள வருது பாரு" என்றார் அண்ணாச்சி. மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அதோடு விட்டாரா? மேஜைக்கு அடியில் குனிந்து கோழியையும் தேடினார்.

அந்தப் பக்கமும் சேதாரத்துக்குக் குறைவில்லை. கேஸ் சிலிண்டரோடு அடுப்பங்கரைக்குள் நுழைந்தவரை நோக்கி, ஆளில்லாத அலமாரியிலிருந்து "குறுக்க வந்து நிக்கான் பாரு, நகருலே மூதி!" என்று ஒரு குரல் வந்திருக்கிறது. சிலிண்டரைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டார். சுயம்புக்கனியோ வடநாட்டுத் தாபா பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு, மீன்காரம்மா விலை சொன்னால் "நஹி, நஹி" என்று தலையாட்ட ஆரம்பித்திருந்தார்.

இத்தனைக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வந்து பார்த்துவிட்டுப் போன மனுஷனுக்கு வடக்கே லோடு மேல் லோடு. குழந்தை நடக்கப் பழகி, அப்பா எங்கே என்று கேட்டால் அலமாரியைக் கைகாட்டப் பழகிய பிறகுதான் ஊருக்கு வர முடிந்தது. வண்டியை யார்டில் போட்டுவிட்டு என் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். உப்பளங்களைத் தாண்டும் வரை ஒரே கேள்விதான்.

"ஏலே, எம் மவ எங்கிட்ட வந்துருவால்லா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவர் சட்டைப் பை பதில் சொல்லிற்று: "வராம எங்க போவா? தம்பி, நீங்க மெதுவா ஓட்டுங்க."

வாசலில் இறங்கியதும், "வீட்டுக்கே வந்தாச்சு, இனி என்னத்துக்கு?" என்று போனைக் கட் பண்ணினார். அங்கேதான் வந்தது வினை.

அலமாரி சட்டென்று ஊமையாகிவிட்டது. குழந்தை அதை அண்ணாந்து பார்த்து, "ப்பா?" என்றது. பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மீசைக்காரர் உள்ளே நுழைந்து அதே குரலில், "பாப்பா, நாந்தாம்ளா அப்பா" என்கிறார். இந்த ஆள் அப்பாவை முழுங்கிவிட்டான் என்றுதான் அது நினைத்திருக்க வேண்டும். வீடே அதிர அழுதது.

அண்ணாச்சி பதறிப்போய்த் தெருவுக்கு ஓடி மறுபடி போன் போட்டார். அலமாரி பேசியது, குழந்தை சிரித்தது. அந்தத் தைரியத்தில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். இரண்டு போனும் கிட்ட வந்ததும் கீயென்று ஓர் ஊளை. மறுபடி அழுகை, மறுபடி தெரு. யாரைத் தேற்றுவது என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதானலே இருந்தேன்? இவளுக்கு நான் யாருன்னே தெரியலியே."

கண் கலங்கியிருந்தது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்குச் சங்கடமாகிவிட்டது.

சுயம்புக்கனிதான் வந்தார். "ஒங்க போன அமத்துங்க. கொஞ்ச நேரம் வாயையும்" என்றவர், அலமாரிப் போனை எடுத்து அவருடைய சட்டைப் பையில் போட்டார். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார்.

அது போனைத் தேடித் தத்தித் தத்தி வந்தது. அவர் மடியில் ஏறியது. பையின் மேல் காதை வைத்துக்கொண்டு, "ப்பா?" என்றது. மறுபடியும், "ப்பா?"

"இங்கனதாம்ளா இருக்கேன்" என்றார், மெதுவாக.

குழந்தை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. மீசையைத் தொட்டது. வாய்க்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தது. பிறகு அவர் நெஞ்சிலேயே சாய்ந்துகொண்டது.

சுயம்புக்கனி சாப்பிடக் கூப்பிட்டார். நான் கிளம்புகிறேன் என்றேன். அண்ணாச்சி எதற்கும் வாய் திறக்கவில்லை. அசைந்தால் பிள்ளை இறங்கிவிடுமோ என்ற பயத்தில், கால் மரத்துப்போனதைக்கூடச் சொல்லாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அன்றைக்குத்தான் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போனது.