தங்கை வாயில் அரிசி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். காகிதம் எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, மேலே எழுத வெட்கப்பட்டு அப்படியே மடித்து வைத்த நாள்கள் உண்டு. (பிள்ளையாருக்கே சலித்திருக்கும்.) தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் குறை இருக்கும். நடந்ததில் கூட்டல் கழித்தல் இருக்காது; முருகன் சாட்சி.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம். கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் சோறு போய்விடக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, அதில் துப்பாக்கியோடு போலீசை நிறுத்தியிருந்தார்கள். அந்த வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில்.

எனக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீசில் வேலை காலியாகும் என்று காத்திருந்தேன். அதாவது, சும்மா இருந்தேன். குரல் மட்டும் சும்மா இருக்காது. கோயில் திருவிழாவில் நான் "பக்தகோடிகளே!" என்று ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்தில் நாய் குரைக்கும். அதனால் பேச்சு சொல்லிக்கொடுக்கும் தகுதி எனக்குத் தானாகவே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மாணவி, என் தங்கை லெட்சுமி. பன்னிரண்டு வயது. அவள் பேசினால் அவளுக்கே கேட்காது. டவுன் தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டி என்று தகவல் வந்தபோது அப்பா முடிவாகச் சொன்னார்: "பரிசு வாங்கியாந்தா படிக்கட்டும். இல்லேன்னா புல்லுவெட்டுக்குப் பேர் குடுத்துருவேன்."

தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எனக்குப் படிக்கணும்ணே. எப்படியாச்சும் என்னப் பேச வச்சிரு."

தினமும் அவளை வேலியின் ஒரு கோடியில் நிறுத்தி, மறு கோடியில் நின்று, "கேக்கல! வயித்துலேருந்து மூச்ச எடு!" என்று கத்துவேன். (நன்றாகவே கேட்கும். வாத்தியார் என்றால் அப்படித்தான் சொல்லவேண்டும் என்று நினைப்பு.) அவளுக்கு விக்கல்தான் வந்தது. நாடகக்காரர்கள் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசிப் பழகுவார்கள், நாக்குத் திருந்தும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் பிள்ளை கல்லை விழுங்கிவிட்டால்? பொறுப்பான ஆசிரியனாகிய நான், கல்லுக்குப் பதில் அரிசியைப் போட்டேன்.

அம்மா பார்த்துவிட்டாள். "அடப்பாவி! உசுரோட இருக்கிற புள்ளைக்கு வாய்க்கரிசி போடுறியேடா!" விளக்குமாறு பறந்தது. மாரியம்மன் கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து தங்கைக்குப் பூசினாள். எனக்குப் பூசவில்லை. அதன்பிறகு அம்மா கண்ணில் படாமல் பாடம் நடந்தது.

போட்டி நாள். டவுனுக்குப் போகும் லோரியில் அப்பா, நான், தங்கை, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், இன்னும் சில பேர். ஏறும்போதே அவள் வாயில் அரிசியைப் போட்டு, "மேடை ஏறுற வரைக்கும் துப்பாத" என்றேன். மூட்டையில் இருந்தால்தான் எனக்கு அது அரிசி. வாயில் இருந்தால் பாடம்.

வாசலில் எல்லாரையும் இறக்கினார்கள். மலாய்க்கார சார்ஜன் தங்கையிடம் பெயர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். அவள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தாள்.

"பெராஸ்!" என்று ஒரு போலீஸ்காரர் அலறினார். அரிசிக்கு மலாயில் அதுதான் பெயர். துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

சார்ஜன் கேட்டதை மண்டோர் தமிழில் சொன்னார்: "யாருடா குடுத்தது? சொல்லித் தொலைங்கடா, எல்லாரையும் புடிச்சிட்டுப் போவப் போறாங்க!"

வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மறுபடி திறந்தேன். காற்றுகூட வரவில்லை.

"பேசுடா! மைக்கு வேணாம்பியே, பேசுடா!" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்தேன்.

தங்கை அரிசியைக் கையில் துப்பினாள். வாயைத் துடைத்தாள். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்தாள்.

"துவான்! இந்த அரிசி எங்கண்ணன் குடுத்தது. பேசிப் பழகத்தான் குடுத்துச்சு, காட்டுக்கு இல்ல! நம்பலேன்னா இப்பவே பேசிக் காட்டுறேன்!"

மண்டோர் அதை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். தாய்மொழியின் சிறப்பைப் பற்றி, லோரிப் படியில் நின்று, ஒரு வரி விடாமல். சனம் வேலி ஓரத்துக்கு ஓடிவந்தது. தமிழ் தெரியாத சார்ஜன் கடைசிவரை நின்று கேட்டார். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம்.

ஆனால் சட்டம் சட்டம்தான். எல்லார் வாயையும் திறந்து பார்த்த பிறகே லோரியை விட்டார்கள். மண்டோரின் வெற்றிலையையும் துப்பவைத்தார்கள். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பரிசு இல்லை. திரும்பும் வழியெல்லாம் தங்கை அழுதாள். அப்பா வீட்டுக்கு வந்துதான் அம்மாவிடம் சொன்னார்:

"இவ பள்ளிக்கூடத்துக்கே போவட்டும். துப்பாக்கி முன்னால நின்னு பேசிட்டா, இன்னும் என்னா பரிசு? ஆனா புல்லுவெட்டுக்கு ஒரு ஆள் தரேன்னு மண்டோர்கிட்ட சொல்லிட்டேன். இவன் போவட்டும்."

போனேன்.

தங்கை படித்து ஆசிரியையானாள். அம்பாள் அவளை நன்றாகவே வைத்திருக்கிறாள். குடும்பத்துக் கல்யாணங்களில் நன்றி சொல்ல என்னை எழுப்பினால் இன்றைக்கும் ஒரு குரல் கேட்கும்: "மாமா, மொதல்ல வாயத் தொறந்து காட்டுங்க லா!"

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். என் பேரப்பிள்ளைகள் சொல்லும் கதையில் அரிசி அரை மூட்டையாகி, சார்ஜன் வானத்தில் சுட்டு, நான் மயங்கி விழுந்துவிடுகிறேன். யாரும் சுடவில்லை. நான் மயங்கவும் இல்லை. உட்கார்ந்தேன்.